மோஷன் பிளர்: ரெண்டர்லயே போடுறதா, பின்னாடி சேக்குறதா, இல்ல கையால வரைஞ்சுடுறதா?

அனிமேஷன் பண்றவங்ககிட்ட மோஷன் பிளர் (வேகமா நகர்ற பொருள் படத்துல மங்கலா இழுபட்டுத் தெரியுறது) பத்திக் கேட்டா பாதிப் பேர் "ஆன் பண்ணி விடு, அப்பதான் ஸ்மூத்தா இருக்கும்"னு சொல்வாங்க, மீதிப் பேர் "ரெண்டர்ல போடாத, டைம் இழுக்கும், கம்பாசிட்ல பாத்துக்கலாம்"னு சொல்வாங்க. ரெண்டர்னா கம்ப்யூட்டர் காட்சியைக் கணக்குப் போட்டு படமா எடுக்குறது, கம்பாசிட்னா அந்தப் படங்களை அப்புறமா ஒண்ணா சேத்து மெருகேத்துறது. எந்த ஷாட்டுக்குன்னு மட்டும் ரெண்டு கோஷ்டியுமே கேக்க மாட்டாங்க. எனக்கு இதுல ரெண்டே கேள்விதான். ஷாட்ல ஏதாவது வேகமா சுத்துதா, இல்ல ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு ஓடுதா? ரெண்டாவது, ரெண்டர் முடிஞ்ச பிறகு யாராவது வந்து "பிளரை கொஞ்சம் கம்மி பண்ணுங்க"ன்னு கேக்க வாய்ப்பு இருக்கா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா எந்த வழின்னு தானா முடிவாயிடும், சாஃப்ட்வேர் பேரு அதுக்கு அப்புறம்தான்.

அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு, ஏன்னா எல்லா சாஃப்ட்வேர்லயும் இது வேற வேற வேஷத்துல வரும். செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல 180 டிகிரி ஷட்டர்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/48 செகண்ட் ஷட்டர் திறந்திருக்குன்னு அர்த்தம், பழைய ஃபிலிம் கேமராவுல சுத்துற தட்டு பாதி திறந்து பாதி மூடி இருக்கும்ல, அங்கருந்து வந்த பழக்கம் அது. மோஷன் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதையே 180ன்னு போடுவாங்க, த்ரீடி சாஃப்ட்வேரான ப்ளெண்டர்ல ஃப்ரேம் கணக்குல 0.5ன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். 90 டிகிரின்னா 0.25, 360ன்னா 1. ப்ளெண்டர்ல இருந்து வந்த கேரக்டரையும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல பண்ண டெக்ஸ்டையும் ஒரே ஃப்ரேம்ல வைக்கும்போது இந்த ரெண்டு நம்பரும் ஒத்துப் போகலன்னா ஒண்ணு ஒட்டாம தனியா மிதக்கும், ஏன்னே புரியாம கலர் கிரேடிங்கைப் போட்டு நோண்டிக்கிட்டு இருப்போம்.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்து எல்லா வழியிலயும் ஓட்டிப் பாக்கலாம். சீலிங் ஃபேன். நம்ம வீட்டுல இருக்கிற 1200 மில்லிமீட்டர், மூணு றெக்கை ஃபேன் ஃபுல் ஸ்பீடுல நிமிஷத்துக்கு சுமார் 350 சுத்து சுத்தும். 24 ஃப்ரேம்ல அது ஒரு ஃப்ரேமுக்கு 87.5 டிகிரி. றெக்கைக்கு றெக்கை இடைவெளி 120 டிகிரிதானே, அதனால பிளர் இல்லாம ரெண்டர் பண்ணா கண்ணு பக்கத்துல இருக்கிற றெக்கையைத்தான் பிடிச்சுக்கும், ஃபேன் ஃப்ரேமுக்கு 32.5 டிகிரி பின்னாடி போற மாதிரி தெரியும். அதாவது ஃபேன் தலைகீழா, மெதுவா, விட்டு விட்டு சுத்தும். அனிமேஷன் கர்வ் சரியாத்தான் இருக்கும், கீஃப்ரேமை எத்தனை தடவை செக் பண்ணாலும் தப்பு கிடைக்காது. 180 டிகிரி ஷட்டர் போட்டா ஒவ்வொரு றெக்கையும் கிட்டத்தட்ட 44 டிகிரிக்கு இழுபடும், றெக்கை நுனி அந்த 1/48 செகண்டுக்குள்ள 46 சென்டிமீட்டர் போயிடும். அப்பதான் அது ஃபேன் மாதிரி ஒரு மங்கலான வட்டமா தெரிய ஆரம்பிக்கும். பின்னாடி போற மாயை முழுசா ஒழிஞ்சுடும்னு சொல்ல மாட்டேன், ஆனா உறுத்தாது.

இப்ப முதல் வழி, சைக்கிள்ஸ்ல (ரே, அதாவது ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து படம் எடுக்குற ப்ளெண்டரோட ரெண்டர் எஞ்சின்) ரெண்டர்லயே பிளர். இதுதான் நேர்மையான வழி. ரெண்டர் பண்ணும்போது ஒவ்வொரு ரேயும் ஷட்டர் திறந்திருக்கிற நேரத்துக்குள்ள ஏதோ ஒரு கணத்துல காட்சியைப் பாக்குது, எல்லாத்தையும் சேத்து சராசரி எடுத்தா பிளர் வந்துடுது. 1984ல லூகாஸ்ஃபிலிம்ல இருந்த ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்பென்டர் மூணு பேரும் எழுதின பேப்பர்ல இருந்த யோசனை இது, ரேயை இடத்துல மட்டும் இல்லாம நேரத்துலயும் சிதறவிடுறது. அதனால இதுல என்ன வசதின்னா பொருளோட சேந்து அதோட நிழலும் பிளர் ஆகும், டைல்ஸ் தரையில தெரியுற பிரதிபலிப்பும் பிளர் ஆகும், கண்ணாடிக்குப் பின்னாடி ஓடுறதும் பிளர் ஆகும். ஃபேனுக்குக் கீழ சுவத்துல விழுற நிழல் ஓடுறது இருக்கே, அது இந்த வழியில சரியா வரும்.

விலை என்னன்னா நாய்ஸ். பிளர் ஆன இடமெல்லாம் பொறி பொறியா இருக்கும், சாம்பிள் (ஒரு பிக்சலுக்கு அனுப்புற ரே எண்ணிக்கை) ஏத்தணும், நாய்ஸைத் துடைக்கிற டீநாய்சருக்கும் அந்த இடத்துல பிடி கிடைக்காம மெழுகு பூசின மாதிரி ஆக்கிடும். மெமரியும் கூடுதலா கேக்கும், ஹேர் நிறைய இருக்கிற கேரக்டர்னா சின்ன கிராஃபிக்ஸ் கார்டு திணறிடும். இன்னொண்ணு பலபேர் கவனிக்காதது, எலும்பு வச்சு ரிக் பண்ண மெஷ்ஷுல (புள்ளிகளால ஆன த்ரீடி வடிவம்) ஒவ்வொரு புள்ளியும் ஸ்டெப்புக்கு ஸ்டெப் (ஷட்டர் நேரத்தைப் பிரிச்ச துண்டுகள்) நேர்கோட்டுலதான் போகும், அதனால கை சுழட்டி அடிக்கிற ஷாட்ல பிளர் வளைவா இல்லாம ஒடிஞ்ச கோடு மாதிரி தெரிஞ்சா அந்த ஆப்ஜெக்ட்டோட செட்டிங்ஸ்ல போய் மோஷன் பிளருக்குக் கீழ இருக்கிற ஸ்டெப்ஸைக் கூட்டுங்க. எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் கூட்டாதீங்க, மெமரி அங்கதான் காலியாகும். தண்ணி மெஷ், பூலியன் (ஒரு வடிவத்தால இன்னொண்ணை வெட்டுறது) போட்ட மெஷ் இந்த மாதிரி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெர்டெக்ஸ் (புள்ளி) எண்ணிக்கை மாறுறதுக்கு சாதாரணமா பிளர் வராது, எந்தப் புள்ளி எங்க போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும், வெலாசிட்டி டேட்டா தனியா இருந்தாதான் உண்டு.

எல்லாத்தையும் விட பெரிய விலை, முடிஞ்சது முடிஞ்சதுதான். பிளர் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் வெந்து போயிருக்கும், அப்புறமா குறைக்க வழியே இல்ல. கிளையன்ட் பாத்துட்டு "என்னங்க ப்ராடக்ட் மேல இருக்கிற லோகோ தெளிவா இல்லையே"ன்னு ஒரு கரெக்‌ஷன் சொன்னா மொத்த ஷாட்டையும் திரும்ப ரெண்டர் போடணும். விளம்பர வேலை பண்றவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

ப்ளெண்டரோட இன்னொரு, வேகமான ரெண்டர் எஞ்சின் ஈவீயைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 2020ல வந்த ப்ளெண்டர் 2.90க்கு முன்னாடி வரைக்கும் ஈவீல கேமரா நகந்தா மட்டும்தான் பிளர், பொருள் நகந்தா ஒண்ணும் வராது, 2.90ல அதை அடியோட மாத்தி எழுதி மெஷ் டிஃபார்மேஷன் எல்லாம் சேத்தாங்க. அடிப்படையில அது படத்தை எடுத்துட்டு அப்புறமா இழுக்குற வேலைதான், ஆனா ஸ்டெப்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதைக் கூட்டுனா ஒரு ஃப்ரேமையே பல துண்டு நேரமா பிரிச்சு எடுத்து சேக்கும். ஃபேனுக்கு ஸ்டெப்ஸ் 1ல விட்டா கேவலமா இருக்கும், 8க்கு ஏத்தினா நல்லாவே வருது, ரெண்டர் நேரமும் அதுக்கேத்த மாதிரி ஏறும், ஆனா ஈவீ நேரம் ஏறுறது சைக்கிள்ஸ் நேரத்தோட ஒப்பிட்டா ஒரு விஷயமே இல்ல. பட்ஜெட் மெஷின் வச்சிருக்கிறவங்க மூணாவது ஆளு பேச்சை நம்பாம முதல்ல இதை ட்ரை பண்ணிப் பாக்கணும்.

அடுத்தது வெக்டர் பாஸ். அதாவது பிளர் இல்லாம ஷார்ப்பா ரெண்டர் பண்றது, கூடவே ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகருதுங்கிற தகவலை தனி பாஸா மல்டிலேயர் இஎக்ஸ்ஆர் ஃபைல்ல (பல பாஸை ஒண்ணா வைக்கிற ஃபைல்) எடுத்து வச்சுக்கிட்டு கம்பாசிட்டர்ல வெக்டர் பிளர் நோடு போட்டு இழுக்குறது. (சைக்கிள்ஸ்ல ரெண்டர் மோஷன் பிளர் ஆன்ல இருந்தா வெக்டர் பாஸ் கிடைக்காது, ரெண்டுல ஒண்ணுதான், டிக் போட்டும் பாஸ் வரலையேன்னு தேடுறவங்க முதல்ல இதைப் பாருங்க.) கிளையன்ட் மனசு மாறுற வேலைக்கு இதை மாதிரி ஒண்ணு கிடையாது. லோகோ தெரியலையா, நம்பரைக் குறைச்சு அஞ்சு நிமிஷத்துல திரும்ப அவுட் எடுத்துக் குடுத்துடலாம். கார் நேரா ஓடுது, கேமரா பேன் ஆகுது, பந்து பறக்குது, இதுக்கெல்லாம் வெக்டர் பாஸுக்கும் நிஜ பிளருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்க ரொம்பக் கம்மி.

ஆனா அதே ஃபேனை இதுல போட்டுப் பாருங்க. வெக்டருக்குத் தெரிஞ்சது போன ஃப்ரேம்ல இங்க இருந்துச்சு, இந்த ஃப்ரேம்ல இங்க இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். 87.5 டிகிரி சுத்தின றெக்கை நுனிக்கு அந்த நேர்கோட்டோட நடுப்புள்ளி மையத்துல இருந்து 43 சென்டிமீட்டர் தூரத்துல வரும், நியாயமா 60ல இருக்கணும். அதனால றெக்கை வட்டமா இழுபடாம உள்பக்கமா உறிஞ்சப்பட்ட மாதிரி கோணலா தெரியும். வேகம் இன்னும் ஏறி சரியா ஃப்ரேமுக்கு ஒரு முழுச்சுத்து ஆச்சுன்னா இன்னும் வேடிக்கை, வெக்டர் கணக்குப்படி றெக்கை நகரவே இல்ல, அப்படியே நிக்கும். நிழலும் இதுல மாட்டாது, ஏன்னா தரை நகரல, தரைக்கு வெக்டர் பூஜ்யம், அதுமேல விழுற நிழல் ஓடுறது அதுக்குத் தெரியாது. பந்து மங்கலா பறக்கும், கீழ நிழல் மட்டும் கத்தியால வெட்டின மாதிரி ஷார்ப்பா ஓடும். பாக்கிறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ ஒட்டலைன்னு தோணும். கண்ணாடி, புகை, பாதி தெரியுற பொருள் எதுக்கும் இது சரிவராது, ஒரு பிக்சலுக்கு ஒரு திசைதான் இருக்கும், முன்னாடி இருக்கிற கண்ணாடிக்கு ஒண்ணு பின்னாடி இருக்கிற ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வைக்க முடியாது.

மூணாவது, வெக்டரும் இல்ல, முடிஞ்ச வீடியோ மட்டும்தான் கையில இருக்குன்னா. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல பிக்சல் மோஷன் பிளர் இருக்கு, ரீவிஷன் எஃபெக்ட்ஸ் கம்பெனியோட ரீல்ஸ்மார்ட் மோஷன் பிளர்னு ப்ளகின் இருக்கு. ரெண்டுமே ஆப்டிகல் ஃப்ளோ, அதாவது ரெண்டு ஃப்ரேமை ஒப்பிட்டு எது எங்க போச்சுன்னு ஊகிக்கிறது. அந்தக் கம்பெனியில பியர் ஜாஸ்மினுக்கும் பீட்டர் லிட்வினோவிச்சுக்கும் இந்த ஆப்டிகல் ஃப்ளோ டூல்ஸுக்காகவே 2007ல ஆஸ்கர் அகாடமியோட டெக்னிக்கல் விருது கிடைச்சுது, அதனால ஏதோ குட்டி விளையாட்டு டூல்னு நினைக்க வேண்டாம். ஆனா ஊகம் ஊகம்தான். ஒருத்தர் நடந்து போறாரு, இடது காலு வலது காலைத் தாண்டுற இடத்துல எது எந்தக் காலுன்னு அதுக்குக் குழப்பம் வந்துடும், முழங்கால் ஓரத்துல பின்னாடி சுவரும் சேந்து ஜெல்லி மாதிரி இழுபடும். செங்கல் சுவர், கோடு போட்ட சட்டை, ஜன்னல் கம்பி, இந்த மாதிரி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற டிசைன்ல இன்னும் மோசம். நம்ம ஃபேனை இதுகிட்ட குடுத்தா அதுக்கும் நம்ம கண்ணு ஏமாந்த மாதிரியே ஏமாந்து பின்பக்கமா பிளர் போடத்தான் வாய்ப்பு அதிகம். வெக்டர் கையில இருந்தா ரீல்ஸ்மார்ட்டோட ப்ரோ வெர்ஷன் அதை வாங்கிக்கும், அப்ப ஊகிக்கிற வேலை இல்ல, ரிசல்ட்டும் நல்லா இருக்கும். மத்தபடி இதை கடைசி வழியா மட்டும் வச்சுக்கோங்க, வேற ஆள் குடுத்த ஃபுட்டேஜ், ரெண்டர் ஃபைல் தொலைஞ்சு போன ப்ராஜெக்ட், இந்த மாதிரி நேரத்துக்கு.

டூடி மோஷன் கிராஃபிக்ஸ் மட்டும் பண்றவங்களுக்கு மேல சொன்ன தலைவலி எதுவுமே வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல லேயர் ஸ்விட்ச் போட்டு, டைம்லைன் மேல இருக்கிற மெயின் ஸ்விட்சும் போட்டா டெக்ஸ்ட், லோகோ எல்லாம் நிஜமா நடுவுல நடுவுல சாம்பிள் எடுத்து பிளர் ஆகும், வளைவா போனா வளைவாவே ஆகும். ஷேப் லேயர் வேகமா போறப்ப பிளருக்குப் பதிலா அதே வடிவம் பத்துப் பதினஞ்சு நகலா அடுக்கி வச்ச மாதிரி தெரிஞ்சா கம்போசிஷன் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டுல சாம்பிள்ஸ் பெர் ஃப்ரேம் 16ல இருக்கும், அதை 32 ஆக்குங்க. பக்கத்துல இருக்கிற அடாப்டிவ் சாம்பிள் லிமிட் 128ஐ நோண்டிப் பிரயோஜனம் இல்ல, ஷேப் லேயரும் த்ரீடி லேயரும் அதைக் கண்டுக்காது. லேயரோட பொசிஷன், ரொட்டேஷன் நகந்தாதான் இந்த ஸ்விட்ச் வேலை செய்யும், லேயருக்குள்ள ஓடுற வீடியோவுக்கு ஒண்ணும் பண்ணாது. மாசாமாசம் சந்தா கட்ட முடியாதவங்களுக்கு டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன்ல ஃபியூஷன் பேஜ்ல ட்ரான்ஸ்ஃபார்ம் நோடோட செட்டிங்ஸ் டேப்ல மோஷன் பிளர் இருக்கு, அது போதும். கலர் பேஜ்ல இருக்கிற மோஷன் பிளர் காசு குடுத்து வாங்குற ஸ்டுடியோ வெர்ஷனுக்குத்தான், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இனி கேரக்டர் அனிமேஷன். இங்க என் கட்சி வேற. கார்ட்டூன் ஸ்டைல் கேரக்டருக்கு கம்ப்யூட்டர் பிளர் போடுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, போஸ் எல்லாம் கரைஞ்சு போயிடும், அனிமேட்டர் உயிரைக் குடுத்து வச்ச சில்லவுட் (உருவத்தோட வெளிக்கோடு) காணாமப் போகும். கையால ஸ்மியர் ஃப்ரேம் (கேரக்டரையே இழுத்து நீட்டி வரைஞ்ச ஃப்ரேம்) வரையுறது பழைய வித்தை, 1942லயே வார்னர் ஸ்டுடியோல சக் ஜோன்ஸ் டோவர் பாய்ஸ்ங்கிற கார்ட்டூன்ல கேரக்டரை ஒரு போஸ்ல இருந்து இன்னொரு போஸுக்கு ரப்பரா இழுத்துக் காட்டியிருப்பாரு. 2018ல வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்துல மோஷன் பிளரையே தூக்கிட்டு நிறைய இடத்துல ட்வோஸ்ல, அதாவது ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரு போஸ்னு அனிமேட் பண்ணாங்க, வேகத்தைக் காட்ட ஸ்மியரும் வரைஞ்ச கோடுகளும்தான். அதுக்கப்புறம் நம்ம ஊரு ஷார்ட் ஃபிலிம் பசங்க வரைக்கும் எல்லாரும் ட்வோஸ்ல இறங்கிட்டாங்க, ஆனா பாதிப் பேர் பிளரை ஆஃப் பண்ண மறந்துடுறாங்க.

அப்ப என்ன ஆகும்னா, ப்ளெண்டர்ல ஷட்டர் பொசிஷன் சாதாரணமா சென்டர் ஆன் ஃப்ரேம்ல இருக்கும். ஷட்டர் 0.5ன்னா ஃப்ரேம் 11ஐ ரெண்டர் பண்ணும்போது அது 10.75ல இருந்து 11.25 வரைக்கும் பாக்கும். கான்ஸ்டன்ட் இன்டர்போலேஷன்ல (நடுவுல மெல்ல நகராம அடுத்த போஸுக்கு டக்குனு தாவுறது) போஸ் சரியா 11ல மாறுது. அப்ப ஷட்டர் நேரத்துல முதல் பாதி பழைய போஸ், ரெண்டாம் பாதி புது போஸ், ரெண்டையும் சேத்து ஒரு பெரிய இழுவை. ஃப்ரேம் 12ல போஸ் மாறல, அதனால கிளீனா இருக்கும். 13ல திரும்ப இழுவை. ஒண்ணு விட்டு ஒரு ஃப்ரேம் மங்கல், ஓட விட்டா கண்ணு வலிக்கும். பொசிஷனை ஸ்டார்ட் ஆன் ஃப்ரேமுக்கு மாத்தினா பழைய போஸ் உள்ள வராது, அந்த இழுவை போயிடும். அதைவிட நல்லது சைக்கிள்ஸ்ல அந்தக் கேரக்டர் ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் மோஷன் பிளர் டிக்கை எடுத்துட்டு பின்னாடி சுத்துற ஃபேனுக்கு மட்டும் விட்டு வைக்கிறது. ஒரே சீன்ல கேமராவை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ விட்டு கட் பண்றவங்களுக்கும் இதே வியாதிதான், தாவுற அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் முழுத் திரையும் இழுபட்டு நிக்கும், மருந்தும் அதேதான்.

முடிவா யாருக்கு எதுன்னா: விளம்பரம், ப்ராடக்ட் வீடியோ, கரெக்‌ஷன் வந்துக்கிட்டே இருக்கிற வேலைன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வெக்டர் பாஸ்தான் எடுப்பேன், சுத்துற பொருள் மட்டும் இருந்தா அதைத் தனி வியூ லேயரா (தனியா ரெண்டர் பண்ற அடுக்கு) பிரிச்சு, அதோட நிழலையும் சேத்து, தனியா ஒரு ரெண்டர் போட்டு அதுல மட்டும் நிஜ பிளர் வச்சு பின்னாடி ஒட்டிடுவேன். வேலை கூடுதல்தான், ஆனா கரெக்‌ஷன் வந்தா தூக்கம் கெடாது. சொந்த ஷார்ட் ஃபிலிம், கேக்க ஆளில்ல, ரியலிஸ்டிக் லுக்குன்னா சைக்கிள்ஸ்ல ரெண்டர் பிளர். மெஷின் தாங்கலன்னா ஈவீ, ஸ்டெப்ஸ் ஏத்தி. டூடி கிராஃபிக்ஸ்னா லேயர் ஸ்விட்ச், யோசிக்கவே வேண்டாம். கார்ட்டூன் கேரக்டர்னா பிளர் ஆஃப், ஸ்மியர் வரையுங்க, வரையத் தெரியாதுன்னா லாட்டிஸ் (மெஷ்ஷைச் சுத்தி வச்சு அதை வளைக்கிற கூண்டு) போட்டு மெஷ்ஷை ஒரே ஒரு ஃப்ரேமுக்கு இழுத்து விட்டாக்கூட போதும்.

அந்த ஃபேன் வெறும் பேக்கிரவுண்டுல, ஃபோகஸ் இல்லாம சுத்துதுன்னா இவ்வளவு கணக்கும் தேவையில்ல. றெக்கையை எடுத்துட்டு ஒரு வட்டத் தட்டு வச்சு, பாதி தெரியுற மாதிரி ஒரு டெக்ஸ்ச்சர் போட்டு, ஓரத்துல கொஞ்சம் மங்க விட்டு, மெதுவா சுத்த விடுங்க. கேம்ஸ்ல ஹெலிகாப்டர் றெக்கைக்கு வருஷக்கணக்கா இதைத்தான் பண்றாங்க.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மொத்த ஷாட்டையும் ரெண்டர்ல தள்ளுறதுக்கு முன்னாடி வேகம் உச்சத்துல இருக்கிற இடமா பாத்து பத்து ஃப்ரேம் மட்டும் எடுத்து ஓட விட்டுப் பாருங்க, நிறுத்தி வச்ச ஒரே ஃப்ரேமைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஸ்டில்லா பாக்கும்போது எந்த பிளரும் அதிகமாத்தான் தெரியும். ரீல்ஸுக்கு 60 ஃப்ரேம்ல எடுக்கிறீங்கன்னா அதே 180 டிகிரி 1/120 செகண்ட் ஆயிடும், 24ல சரியா இருந்த பிளர் அங்க பாதிக்கும் கீழ குறைஞ்சு போயிருக்கும், அதனால டெஸ்டையும் அந்த ஃப்ரேம் ரேட்லயே எடுங்க.